கறுப்புப் படகோட்டியின் பொறுப்பாசிரியர்

எங்கள் குடும்பத்தில் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நின்றவர் ஒருவர்தான். அவர் என் சித்தப்பா ஒத்தோரினோ மெராத்தி. மிலானில் தீச்சினேசே நகரவாயிலுக்கு அருகே ஒரு நகராட்சித் தொடக்கப் பள்ளியில் வாழ்நாள் முழுவதும் எழுத்தராக இருந்தவர். டிராமில் நெரிசலால் நடத்துநர் அவர் வரை வர முடியாமல் போனால், இறங்கிய பிறகும் ஓடிப்போய்ச் சன்னல் வழியாகச் சீட்டு வாங்கியவர். அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம், இளம்பிள்ளைகளைத் திருட்டுக்குத் தூண்டினார் என்பது.

இதைப் பற்றி வீட்டில் இப்போது பல விதமான பேச்சு உலவுகிறது. ஞானஸ்நான விருந்துகளில் அது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தும் வருகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். சித்தப்பாவிடமும், என் தாயின் தங்கையான எர்சிலியா சித்தியிடமும், சித்தியின் தம்பி லாந்தோ மாமாவிடமும் தனித்தனியே கேட்டிருக்கிறேன். ஓரிடம் தவிர மூவரும் சொன்னது ஒன்றே. அந்த ஓரிடம் வரும்போது சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகளில் நகரத்தில் செய்தித்தாள் விற்கும் சாலையோரக் கூண்டுகள் எல்லாம் படக்கதைகளால் நிறைந்திருந்தன. உள்ளங்கை அகலம், பக்கத்துக்கு ஒரே வரிசைப் படம், வாரம் ஒரு புத்தகம். ஒவ்வொரு புத்தகமும் வீரன் சாகப்போகும் இடத்தில் முடியும். காகிதமும் கடனும் கிடைத்தவர்கள் எல்லாம் வெளியீட்டாளர்களானார்கள். லாந்தோ மாமாவும் அவர்களில் ஒருவர். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டு, 'கறுப்புப் படகோட்டி' என்ற வாரத் தொடரைத் தொடங்கினார். முகமூடி அணிந்து மிசிசிப்பி ஆற்றில் இரவெல்லாம் படகு செலுத்தி, கொடுங்கோல் ஆளுநரின் கிடங்குகளைத் திறந்து ஏழைகளுக்குக் கொடுப்பவன்தான் கதாநாயகன்.

எந்தப் பத்திரிகையிலும் பொறுப்பாசிரியர் என்று ஒருவருடைய பெயர் அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். உள்ளே என்ன வந்தாலும் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதற்குப் பத்திரிகையாளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சித்தப்பா இளமையில் ஒரு வட்டாரத் தாளுக்குச் சைக்கிள் பந்தய முடிவுகளை எழுதி அனுப்பி வந்ததால் அவர் பெயர் அதில் இருந்தது. இப்படிப் பெயரை மட்டும் இரவல் கொடுப்பவரை அந்தத் தொழிலில் மரத்தலை என்பார்கள். எழுத்தாளர் பெயரோ ஃபிராங்க் டால்பி என்று அட்டையில் போட்டிருந்தது. அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் விற்கும் என்பதால் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். டால்பி ஜெனோவாவில் வசிக்கும் கூச்ச சுபாவி என்று ஓவியரிடம் சொல்லி வைத்திருந்தார் மாமா. உண்மையில் டால்பி, சித்தப்பா வேலை பார்த்த அதே பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. அதாவது என் சித்தி.

முதல் சில இதழ்களைச் சித்தப்பா அச்சுக்கு முன் படித்தார். பிறகு ஓவியம் வருவது தாமதமாகி, அச்சுத் தகடு நேராக அச்சகத்துக்குப் போகத் தொடங்கியதும் படிப்பதை விட்டுவிட்டார். எழுதுவது மனைவி. பிள்ளைகளுக்கு முன்னால் குரலைக்கூட உயர்த்தாதவள். அவள் எழுத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

தலைமையாசிரியர் பொன்சானிக்குப் படக்கதை என்றாலே ஆகாது. திங்கட்கிழமைதோறும் வகுப்பு வகுப்பாகப் பைகளைச் சோதித்து, கிடைத்தவற்றை எழுத்தர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்வார். அலமாரிச் சாவி சித்தப்பாவிடம். ஒவ்வொரு புத்தகத்தின் பின்பக்கத்திலும் அவருடைய பெயர் இருந்தது. யாரும் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையில் அவர் பல மாதங்கள் கழித்தார்.

ஒருநாள் பொன்சானி கையில் படகோட்டியுடன் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். வெளியீட்டாருக்குக் கண்டனக் கடிதம் ஒன்று எழுத வேண்டும், சொல்லச் சொல்ல எழுதிக்கொள் என்றார்.

"இந்தக் குப்பைக்கு யாரு பொறுப்புன்னு பின்னாடி பாரு மெராத்தி. சட்டப்படி பேரு போட்டே ஆகணும்."

சித்தப்பா புத்தகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். தன் பெயரைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குங்க ஐயா. மையும் கலங்கியிருக்கு."

"போகட்டும், பொறுப்பாசிரியர் அவர்களுக்குன்னு போடு. தான் யாருன்னு அந்த ஆளுக்கே தெரியும்."

பெற்ற பிள்ளைகளிடம் இதைக் கொடுப்பீர்களா என்று தொடங்கிய அந்தக் கடிதத்தைச் சித்தப்பா பிழையின்றி எழுதி, உறையிலிட்டு, தபால் பெட்டியில் தாமே போட்டார்.

இதழ் இருபத்திரண்டில் படகோட்டி ஆளுநர் கிடங்கின் சன்னல் கண்ணாடியில் சோப்பு நுரை தடவிய தாளை ஒட்டித் தட்டி, ஓசையில்லாமல் உடைத்து நுழைகிறான். அந்த இதழ் வந்த வாரமே எங்கள் நகரத்தின் ஜெனோவா வாயிலுக்கு அருகே ஒரு புகையிலைக் கடையை இரண்டு இளைஞர்கள் அதே முறையில் திறந்தார்கள். பிடிபட்டபோது ஒருவனுடைய கோட்டுப் பையில் படகோட்டி இருந்தான். எங்கே கற்றாய் என்று போலீஸ் கேட்டதற்கு அவன் புத்தகத்தைக் காட்டினான். மறுநாள் மாலைத் தாளில் அது வந்துவிட்டது. கூண்டுகளில் தொங்கிய பிரதிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மாமாவின் இரண்டு அறைகளையும் புரட்டத் தொடங்கியபோது, அவர் கீழே வந்து எதிர்க் காபிக் கடையிலிருந்து பள்ளியில் இருந்த சித்தப்பாவிடம் தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: அக்காவை அடுப்பு மூட்டச் சொல்.

அன்று சித்தியும் சித்தப்பாவும் மதிய உணவு நேரத்தில் வீட்டுக்கு ஓடினார்கள். சித்தியின் கையெழுத்தில் இருந்தவை எல்லாம் அடுப்புக்குப் போயின. பழைய இதழ்களின் படிகள், குறிப்புகள், அடுத்த இதழுக்காக எழுதி முடித்த கதை. எடுத்துக் கொடுத்தது சித்தி, உள்ளே திணித்தது சித்தப்பா. கைக்கு வந்த எதையும் அவர் படிக்கவில்லை. மேலே வைத்திருந்த காய்கறிச் சூப் பொங்கி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"இருபத்திரண்டை நீ படிச்சியா, படிக்கலையா?" என்று சித்தி கேட்டார்.

"நீ எழுதினது. அதுல தப்பா என்ன இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"தப்பா என்ன இருக்குன்னு பாக்கத்தானே ஒத்தோ உன் பேரைப் போட்டிருக்கு."

அவர் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். நாளையே போய் எழுதியது நான்தான் என்று சொல்லிவிடுவதாகச் சித்தி சொன்னார். அதற்குச் சித்தப்பா, "சொன்னா என்னை விட்டுடுவாங்களா? பேரு பேருதான். நீ சொன்னா ரெண்டு வேலை போகும், சொல்லலைன்னா ஒண்ணு," என்றார். தண்டனை பெற்றவரை நகராட்சி ஒருநாளும் வைத்துக்கொள்ளாது. போருக்குப் பின் வேலையில்லாமல் அலைந்தவர்களை இருவரும் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கோடு அவர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

அழைப்பாணை வந்ததும் பொன்சானிக்குத் தெரிந்துபோயிற்று. அவர் கத்தவில்லை. அலமாரிச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தீர்ப்பு வரை இரும், பிறகு பார்ப்போம் என்றார். அதற்குப் பின் அவர் கடிதங்களைச் சித்தப்பாவிடம் சொல்லி எழுதவைக்கவில்லை. வேறு பள்ளியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார். அவள் தட்டச்சு செய்யும் ஓசையைக் கேட்டபடி சித்தப்பா அதே அறையில் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை பிப்ரவரியில் ஒரு மூடுபனி நாளில் நடந்தது. நீதிபதி வயதானவர், சளி பிடித்திருந்ததால் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். படகோட்டியின் எல்லா இதழ்களையும் வாங்கி வரிசையாகப் படித்திருந்தார் என்பது அவர் பேசத் தொடங்கியதுமே தெரிந்தது. வழக்கறிஞர் சித்தப்பாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: டால்பியைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லி நிறுத்திக்கொள். சித்தி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரக் கூடாது என்று சித்தப்பா கெஞ்சியும் வந்திருந்தார்.

ஓவியர் பிறர் சொன்னதைத்தான் வரைந்தார், அவரை விடுவோம் என்றார் நீதிபதி. சொன்னவர் யார் என்பதுதான் தமக்கு வேண்டும் என்றார். அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் வரை வழக்கை ஒத்திவைக்கவும், தேவையானால் மாதக்கணக்கில் தேடவும் தாம் தயார் என்று சேர்த்துக்கொண்டார்.

"ஃபிராங்க் டால்பி எங்க இருக்காரு?"

"அப்படி ஒருத்தர் இல்லீங்க ஐயா."

வழக்கறிஞரின் பேனா நின்றது.

"அப்ப இதையெல்லாம் எழுதினது?"

"நான்தாங்க."

குற்றம் சாட்டப்பட்டவரிடம் நம் நாட்டில் சத்தியம் வாங்குவதில்லை. ஆகவே அது சட்டப்படி பொய்ச் சாட்சியம் ஆகாது என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பாவின் பழைய கோட்டையும் மைக்கறை படிந்த கைவிரலையும் பார்த்தார்.

"மிசிசிப்பிப் பக்கம் போயிருக்கீங்களா, சிக்னோர் மெராத்தி?"

"கோமோ ஏரி வரைக்கும் போயிருக்கேன் ஐயா."

யாரோ சிரித்ததாக மாமா சொல்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லை என்று சித்தி உறுதியாகச் சொல்கிறார். சித்தப்பாவுக்கு நினைவில்லை. மூவரும் வேறுபடுவது இந்த ஓரிடத்தில்தான்.

நீதிபதி இருபத்திரண்டாம் இதழின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். படகோட்டி பிடிபட்டு, ஆற்று மட்டத்துக்குக் கீழே உள்ள நிலவறைக்குள் தள்ளப்பட்டிருக்கிறான். மேலே இரும்பு மூடி. தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. அடுத்த இதழ் வராமலேயே தொடர் நின்றுபோயிருந்தது.

"அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு இந்த நகரத்துல ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் நீதிபதி. "எழுதினவர் ஒருத்தருக்குத் தெரியும். சொல்லுங்க, எப்படித் தப்பிக்கிறான்?"

சித்தப்பாவுக்குத் தெரியாது. விடை அடுப்பில் எரிந்துபோயிருந்தது. சித்தியிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கோ, சொல்லிவைக்க வேண்டும் என்று சித்திக்கோ தோன்றவில்லை. யாரும் கதையைக் கேட்பார்கள் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. நீதிபதி காத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு கைப்பை மூடப்படும் ஓசை கேட்டது. அந்தக் கொக்கியின் ஓசை சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். சித்தி எழுந்து நிற்கப்போகிறார் என்பது புரிந்ததும் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"தப்பிக்கலீங்க ஐயா."

"தண்ணியில செத்துப்போறானா?"

"இல்லீங்க. கூப்பிடுறான். காவக்காரன் வந்து மூடியத் திறக்குறான். கண்ணாடிய உடைச்சது நான்தான், என்னை நீதிபதிகிட்ட கூட்டிட்டுப் போன்னு சொல்றான்."

"அப்புறம்?"

"ரெண்டு வருஷம் போடுறாங்க."

"நன்னடத்தைக்குக் குறைப்பு உண்டா?"

சித்தப்பா சற்று யோசித்தார். "இல்லீங்க ஐயா. முழுசா இருக்கான்."

நீதிபதி இதழை மூடிவைத்தார். பிறகு, ஆசிரியரின் நோக்கம் திருட்டுக்குத் தண்டனை உண்டு என்று காட்டுவதேயானால் தூண்டுதல் என்ற குற்றம் நிற்காது என்றார். ஆனால் வாயால் சொன்னதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அடுத்த இதழை அச்சிட்டு வாருங்கள், அச்சில் பார்க்கிறேன் என்று தேதி கொடுத்தார்.

அன்று வீட்டில் லாந்தோ மாமா நாற்காலியில் உட்காரவே இல்லை.

"மச்சான், என் ஆளை நீ ஜெயில்ல போட்டுட்டே. ரெண்டு வருஷம். வாரா வாரம் நான் என்னத்தப் போடுறது? கஞ்சி குடிக்கிறதையா?"

வேறு வழி கண்டுபிடிக்கலாம், நீதிபதி கிழவர், மறந்துவிடுவார் என்றெல்லாம் மாமா வாதாடினார். கடைசியில் சித்தி, தட்டுகளை எடுத்துக்கொண்டே, எழுதித் தருகிறேன் என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் சமையலறை மேசையில் எழுதினார். என்ன எழுதுகிறாய் என்று சித்தப்பா கேட்டதற்கு, "நீ சொன்ன கதையத்தான்," என்று மட்டும் பதில் வந்தது.

தகடு தயாரானதும் சித்தப்பா பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அங்கே போனது அதுவே முதல் தடவை. ஈரம் காயாத மாதிரித் தாள்களைச் சன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் படித்தார். நீதிமன்றத்தில் அவர் திக்கித் திணறிச் சொன்னது அங்கே அழகாக வந்திருந்தது. காவல்காரனுக்கு ஒரு முகம் இருந்தது. படகோட்டி முதல் முறையாக முகமூடியைக் கழற்றினான், ஆனால் வாசகனுக்கு முதுகைக் காட்டி நின்றான். கடைசிப் படத்தில் சிறையறை. கம்பிச் சன்னல், அதற்கு அப்பால் ஆறு. சன்னல் விளிம்பில், எரிந்து முடிந்த மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், ஒரு சாவி.

வேகமாகப் புரட்டுகிறவர் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியது அது. படுக்கையில் கவிழ்ந்திருக்கும் படகோட்டி இன்னும் அதைப் பார்க்கவில்லை.

"இது உன் வேலையா?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா தாளை வாங்கிப் பார்த்து, முதலில் சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார். "என் அம்மா மேல ஆணையா எனக்கே இப்பத்தான் தெரியும். ஓவியன் தானா எதையும் போடமாட்டான். உன் வீட்டுலேர்ந்து வந்த எழுத்துல இருந்திருக்கு மச்சான்."

இயந்திரம் தயாராக இருந்தது. அச்சிடுபவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எல்லாப் படத்தையும் வரிசையாகப் படித்த நீதிபதி இதையும் பார்ப்பார் என்று சித்தப்பா நினைத்தார். பார்த்தால் அவன் தப்பப்போகிறான் என்பது தெரியும். நீதிமன்றத்தை ஏமாற்றியதாகவும் ஆகும். வேலை போகும், பிறகு உண்மையில் எழுதியவர் யார் என்ற தேடலும் தொடங்கும். மனைவியிடம் கேட்டுவிட்டு வரலாமா என்றும் யோசித்திருக்கிறார். அவள் வகுப்பில் இருந்தாள். அச்சிடுபவர் காத்திருந்தார்.

"அதைச் சுரண்டிடுங்க," என்றார்.

அச்சிடுபவர் கூர்மையான உளியால் துத்தநாகத் தகட்டில் அந்த இடத்தைச் சுரண்டினார். சன்னல் விளிம்புக் கோடுகளும் சேர்ந்து போய், அங்கே நகத்தளவு வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சியது. அச்சிடலாம் என்று சித்தப்பா கையெழுத்திட்டார்.

நீதிபதி அந்த இதழை அமர்வில் அனைவர் முன்னிலும் முதலிலிருந்து கடைசி வரை படித்தார். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். சித்தப்பா கால்மாற்றி நின்றார். பிறகு நீதிபதி புத்தகத்தை மூடி, குற்றம் நிகழவில்லை என்று தீர்ப்பளித்தார்.

வெளியே பனி விலகியிருந்தது. டிராம் ஏறாமல் இருவரும் வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். சித்தி தம் பிரதியை அங்கேதான் முதலில் பிரித்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தவர் நின்றார்.

"இந்தத் தடவை படிச்சிருக்கே," என்றார்.

"நீதிபதி பாத்திருப்பார் எர்சிலியா."

"பாத்திருக்க மாட்டார். பசங்க பாத்திருப்பாங்க."

உனக்காகத்தான் செய்தேன் என்று சித்தப்பா சொல்லவில்லை. அது முழு உண்மையாகாது என்று அவருக்குத் தோன்றியதாம், பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னார். அடைபட்டவனுக்குத் திறக்க ஏதும் இல்லாமல் எழுதத் தமக்குக் கை வரவில்லை என்பதைச் சித்தியும் அன்று சொல்லவில்லை. அதையும் பிறகு என்னிடம்தான் சொன்னார்.

தொடர் அந்த இதழோடு முடிந்தது. கூண்டுகளில் விற்காமல் திரும்பிய கட்டுகள் மாமாவின் மாடிப்படியை அடைத்தன. அவர் ஒயின் புட்டிகளுக்குச் சீட்டு அச்சிடும் தொழிலுக்கு மாறி, அதில் நன்றாகவே வாழ்ந்தார். பொன்சானி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். சித்தி ஓய்வு பெறும் வரை நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்தினார். மீண்டும் கதை எழுதவில்லை. அதற்கு இந்த வழக்குதான் காரணமா என்று கேட்டேன். நேரமில்லை என்றார்.

தொடர் நின்ற பிறகும் சில வாரங்கள் வெளியீட்டாரின் முகவரிக்குக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை வசவு. மிச்சமிருந்தவை பிள்ளைகளின் உருண்டைக் கையெழுத்தில், கடைசிப் படத்தில் சன்னல் மேல் இருக்கும் வெள்ளை என்ன என்று கேட்டவை. சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீதானே என்று மாமா அவற்றைக் கட்டிச் சித்தப்பாவிடம் தள்ளிவிட்டார். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் தம் அழகிய கையெழுத்தில் பதில் எழுதினார்: அச்சில் நேர்ந்த குறை, வருந்துகிறேன், பொறுப்பாசிரியர் ஒத்தோரினோ மெராத்தி. சித்தி ஒரு மாலை அந்தப் பதில்களின் அடுக்கை எடுத்து, மேலே இருந்ததை மட்டும் படித்தார். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு அவற்றைத் தாமே தபாலில் போட்டுவிட்டு வந்தார்.